கருப்பட்டிப் பெட்டியோடு வரும் கடிதம்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல். பெட்டியைப் பிரித்ததும் கருப்பட்டியை ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடு. ஃபிரிட்ஜில் வைக்காதே; வெளியே எடுத்ததும் மேலே நீர் பூத்துக் கசியும். இளகினால் கெட்டுவிட்டதென்று எறிய வேண்டாம், காற்றின் ஈரத்தை இழுப்பது அதன் குணம். புளித்த வாடையோ பூஞ்சணமோ வந்தால்தான் எறிய வேண்டும்.

கர்த்தருடைய ஜெபத்தை லூக்கா எழுதும்போது ஆகாரத்தை 'அன்றன்றும்' தாரும் என்கிறார். பனம்பாளையில் ஊறும் இனிப்பு நீரான பதனீரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தை முடிந்து ஆடி வரை, பாளையைக் கடிப்பு என்கிற மர இடுக்கி கொண்டு பல நாள் பக்குவமாக நெரித்து, அதன் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறுவது நின்றுபோகும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தினமும் பொறுக்கிய மன்னா என்ற வான ஆகாரம், ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் இரட்டைப் பங்கு கிடைத்தது. பனை அந்தச் சலுகை தருவதில்லை. அதனால் ஞாயிறன்றும் விடியுமுன் ஏறி இறங்கிவிட்டுத்தான் கோயிலுக்கு வர வேண்டியிருக்கிறது. கிணற்றில் விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவதைப் பற்றி ஆண்டவர் கேட்டதை வைத்துப் பார்த்தால் இதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மன்னாவை மறுநாளுக்கு வைத்தால் பூச்சி பிடித்தது. பதனீர் மறுநாள் வரைகூடத் தாங்காது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழுந்தால் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதன் இனிப்பைத் தின்கிறது, சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது. கலயத்தின் உள்சுவரில் மெல்லிய பூச்சு போதும். கூடினால் பதனீர் சப்பென்றாகி, கருப்பட்டியும் கறுத்துப்போகும். குறைந்தால் லேசாகப் புளிக்கும். புளித்ததை எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாகாது, பாகாகவே நிற்கும். சர்க்கரை உடைந்துபோன பிறகு விறகு செலவழித்து என்ன பயன்?

இறக்கியதை வடிகட்டி அன்றே விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், காய்ச்ச வேண்டும். 8 முதல் 10 லிட்டர் வற்றினால் 1 கிலோ கருப்பட்டி. பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டால் நுரை அடங்கும். கடைசியில் தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்பிடித்தால் மொத்தமும் கசக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, சிரட்டையில் ஊற்ற வேண்டியதுதான்.

"தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்பார்கள். தேரி என்கிற செம்மணல் மேட்டில் நிற்கிற இந்த மரத்துக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. பாளை விட 15 வருஷமாவது ஆகும். யாரோ போட்ட கொட்டை, கர்த்தர் பெய்த மழை, இன்று ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஏறிய ஏற்றம். அதனால் சாப்பாட்டு ஜெபத்தில் மரத்தைப் படைத்தவரைத் துதித்தால் மட்டும் போதாது, ஏறுகிறவருடைய கைகால்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்.

அங்கே கடையில் வாங்குவதானால் உடைத்துப் பார். உடைந்த இடத்தில் சீனிப் படிகம் பளபளத்தால் சந்தேகப்படு. பயன்படுத்தும்போது தண்ணீரில் கரைத்து வடிகட்டு, மண்ணும் சுண்ணாம்பும் அடியில் நிற்கும். கொதிக்கிற பாலில் நேராகப் போடாதே, திரிந்துவிடும். இறக்கிச் சூடு தணிந்த பிறகு பாகைச் சேர்.

ஆடியோடு மரம் ஓய்ந்துவிடும். இன்னும் எத்தனை கிலோ வேண்டும், சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டி வேண்டுமா என்று அதற்குள் சொல்.

அப்பா