நீர்மூழ்கி ஆழமானி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உயர்நிலை 1 பிள்ளைகள் இரண்டு லிட்டர் பாட்டிலில் நீர்மூழ்கி செய்கிறார்கள். அதன் ஆழமானியும் அவர்கள் கைவேலைதான். "கடையில் நல்லதாக ஒன்று வாங்கித் தரலாமே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கருவி என்று பெயர், பார்த்தால் மீன்தொட்டிக்குக் காற்று விடும் 30 சென்டிமீட்டர் குழாய்! ஒரு முனையைச் சூடான பசையால் அடைத்திருக்கிறோம். கீழே இறங்க இறங்க உள்ளே மாட்டிய காற்று சுருங்கி, தண்ணீர் ஏறும். 1 மீட்டர் ஆழத்தில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்; 2 மீட்டரில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. 10 மீட்டர் போனால் காற்று ஏறக்குறைய பாதியாகிவிடும், 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் சம இடைவெளியில் கோடு போட முடியாது; ஆழம் கூடக் கூடக் கோடுகள் நெருங்கும்.

"மேலே எடுத்தால் தண்ணீர் வடிந்துவிடுமே, எப்படிப் படிப்பது?" என்று ஒரு மாணவி மடக்கினாள். காகித நாடாவில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்து அவளே உள்ளே செருகிப் பார்த்தாள். நனைந்த வரை மை கரைந்தது. ஆனால் காகிதம் தண்ணீரை உறிஞ்சி அளவைக் கூட்டிக் காட்டியது. சரி என்று பிளாஸ்டிக் நாடாவுக்கு மாறினாள். 19ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு கப்பல்களுக்குச் செய்த ஆழமானியிலும் இதே தந்திரம்தான்: கண்ணாடிக் குழாயின் உள்ளே சில்வர் குரோமேட் பூச்சு, கடல்நீர் பட்ட இடம் நிறம் மாறும்.

போன வாரம் குளக்கரை வெயிலில் குழாய்களை மறந்து வைத்துவிட்டோம். தவறு என்னுடையது. தண்ணீரில் முக்கியதுமே ஒரு சென்டிமீட்டர் ஏறிவிட்டது. சூடான காற்று குளிர்ந்து சுருங்கியதால், நீர்மட்டத்திலேயே நீர்மூழ்கி 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கணக்கு! பிள்ளைகள் காரணத்தைத் தேடிப் பிடிக்க அரை மணி நேரம் ஆனது. கடையில் வாங்கிய மானியாக இருந்தால் அந்த அரை மணி நேரம் கிடைத்திருக்காது. நோட்டில் அந்தத் தப்புக் கணக்கு அப்படியே இருக்கும். தயவுசெய்து வீட்டில் அழித்துத் திருத்த வேண்டாம்.

இது பொம்மைக்கான மானி மட்டுமே. இதை நம்பி யாரும் முக்குளிக்கக் கூடாது.

வரும் சனிக்கிழமை மாற்றுத் துணி, துண்டு, ஒரு காலி பாட்டில் கொடுத்து அனுப்புங்கள். இடி மின்னல் இருந்தால் குளம் கிடையாது, வகுப்பறையில் வாளித் தண்ணீர்தான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்