நவூருவின் கணக்கை 1968இல் தொடங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பசிபிக் கடலில் இருக்கும் சின்னத் தீவு நாடான நவூரு என்றாலே எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். உரம் செய்யத் தோண்டி எடுக்கும் பாஸ்பேட் தாதுவை விற்றுத் திடீர்ப் பணக்காரர்கள் ஆனார்கள், கண்டபடி செலவழித்தார்கள், ஓட்டாண்டி ஆனார்கள். பொய் என்று சொல்ல வரவில்லை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டினார்கள், 2004இல் கடன் நெருக்கடியில் அது கைவிட்டுப் போனது, வருமான வரியே வாங்காமல் பல காலம் நாட்டை நடத்தினார்கள், பிள்ளைகளுக்கென்று டிரஸ்டில் சேர்த்த பணமும் கரைந்தது. அங்கிருந்த தலைவர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்து நாடான கிரிபட்டியிலும் பாஸ்பேட் 1979இல் தீர்ந்தது, ஆனால் 1956இலேயே தொடங்கிய சேமிப்பு நிதி இன்றைக்கும் அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

ஆனால் இந்தக் கதையை 1968இல், அதாவது சுதந்திரம் வந்த ஆண்டில் ஆரம்பிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே தோண்டத் தொடங்கி அதற்குள் 60 வருடம் ஆகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாகச் சுரங்கத்தை எடுத்துக்கொண்டு, தங்கள் விவசாயிகளுக்கு மலிவாக உரம் கிடைக்க வேண்டும் என்று சந்தை விலைக்கும் குறைவாக அள்ளிக்கொண்டு போனார்கள், நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்ததோ சொற்பம். மொத்தத் தீவே 21 சதுர கிலோமீட்டர்தான். பாஸ்பேட்டை எடுத்த இடத்தில் மண் மிஞ்சாது, கூர்கூராக நிற்கும் சுண்ணாம்புப் பாறைதான் மிஞ்சும், அதில் ஒரு தென்னங்கன்று கூட வைக்க முடியாது. தீவின் நடுப்பகுதியில் பெரும்பங்கு இப்படி ஆனதால் ஜனங்கள் கடலோரத்தில் ஒரு மெல்லிய வளையத்தில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். 1960களில் ஆஸ்திரேலியா, வேறு தீவு தருகிறோம், எல்லோரும் அங்கே போய்விடுங்கள் என்றது. அவர்கள் போகவில்லை. தோண்டிய நிலத்தைச் சீராக்கித் தர வேண்டும் என்று 1989இல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1993இல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது.

சரி, இப்போது எதில் பிழைக்கிறார்கள்? எட்டு பசிபிக் நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து சூரை மீன் பிடிக்கும் உரிமத்தை நாள் கணக்கில் விற்கின்றன, நவூருவும் அதில் ஒன்று. தனியாகப் பேரம் பேசியிருந்தால் யார் மதித்திருப்பார்கள்? இன்னொரு வருமானம், ஆஸ்திரேலியா தன் நாட்டுக்கு வரும் அகதிகளை அங்கே அடைத்து வைப்பதற்குத் தரும் பணம். அந்த முகாம் 2008இல் மூடப்பட்டு 2012இல் திரும்பத் திறந்தது, இரண்டையும் முடிவு செய்தது கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய அரசு. மனிதர்களை அடைத்து வைக்கும் அந்த வேலையை என்னால் ஏற்க முடியாது, ஆனால் வேறு வழியை அடைத்தது யார் என்றும் கேட்கிறேன்.

கடல் மட்டம் உயர்வதால் கடலோரத்து மக்களை மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டும், அதற்குப் பணம் திரட்ட இப்போது குடியுரிமையை விற்கிறார்கள். அந்த மேட்டு நிலம் வேறெதுவும் இல்லை, தோண்டிப் போட்ட அதே நடுப்பகுதிதான். அடுத்த முறை நவூருவைப் பற்றி எழுதும்போது, அந்த நிலத்தைச் சீராக்கும் செலவில் மூன்று நாடுகளின் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்