பயத்துக்கு எண் போடக் கற்றுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

சொந்தத் தொழில் தொடங்க ஆசையிருந்தும் காலை எடுத்து வைக்கத் தயங்குகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது எங்கள் குழுவின் வேலை. அந்த வேலைக்கு வேண்டிய அறிவைக் கொடுத்தவர்கள் நீங்கள். கொடுத்தது இன்னதென்று விவரமாகச் சொன்னால்தான் நன்றி முழுமையாகும் என்பதால் இந்த மடல் சற்று நீளும்.

நடத்திய தொழிலை மூடிவிட்டு, அதன் கணக்கு நோட்டை எங்கள் முன் பிரித்து வைத்தவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. "பயப்படாமல் துணிந்து இறங்கு" என்று உங்களில் ஒருவரும் சொல்லவில்லை. எவ்வளவு போனால் தாங்கும் என்று முதலில் எழுதச் சொன்னீர்கள். பயம் கோழைத்தனமல்ல. ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் மனத்தை அதிகம் உறுத்துகிறது என்பதை உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். எவ்வளவு வரும் என்று கணிப்பதை விட்டு, எவ்வளவு இழக்கத் தயார் என்பதிலிருந்து தொடங்கும் அனுபவசாலிகளின் போக்கை 2001-இல் தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி எழுதினார். இவற்றைப் படித்தோ படிக்காமலோ நீங்கள் சொன்னதும் அதுதான். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே ஒதுக்கு. மருத்துவத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உள்ளதைத் தொடாதே. மிச்சத்தில் முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய தொகையை எழுதி, பக்கத்தில் ஒரு தேதியும் போடு. அந்தத் தொகை தீர்ந்தாலோ, அந்தத் தேதிக்குள் விற்பனை இன்ன அளவைத் தொடாவிட்டாலோ நிறுத்து. இந்த வரம்பைத் தொடங்குமுன்னே எழுதவேண்டும். நட்டத்தின் நடுவில் இருப்பவர் "இன்னும் ஒரு மாதம்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

மூடும் முறையையும் சொல்லிக் கொடுத்தீர்கள். கொள்முதலை முதலில் நிறுத்து. வரவேண்டிய பாக்கியை வசூலி. வேலையாட்களின் சம்பளத்தைத் தீர். விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பார்களா என்று கேள். சரக்குக் கடன் கொடுத்தவர்களிடம் ஒளியாமல் தவணை பேசு. உரிமத்தையும் வரிப் பதிவையும் முறைப்படி ரத்து செய். கடைசி வேலையை மறந்தவர்களுக்குத்தான் தொழில் நின்ற பிறகும் அபராதம் வந்துகொண்டிருக்கிறது. வெளியேறும் வழி தெரிந்தவர்களுக்கு உள்ளே நுழையும் பயம் பாதியாகக் குறைவதை நாங்கள் கண்கூடாகப் பார்க்கிறோம்.

கணக்காளர்களே, பெரிய வார்த்தைகள் பேசாமல் ஒரு வகுத்தல் கணக்கில் நீங்கள் காட்டியது எங்களுக்குப் பெரும் சொத்து. வாடகை, மின்சாரம், சம்பளம் என விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் போகும் செலவு 30,000 என்று வைப்போம். ஒரு பொருளின் விலை 200. மூலப்பொருள், பொதி, அனுப்பும் செலவு சேர்ந்து 140. கையில் நிற்பது 60. முப்பதாயிரத்தை அறுபதால் வகுத்தால் 500. மாதம் 500 விற்றால் கைநட்டமில்லை. வேலை நாள் 25 என்றால் ஒரு நாளைக்கு 20. "தொழில் ஓடுமா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "ஒரு நாளைக்கு 20 விற்குமா?" என்பதைச் சோதித்தே பார்த்துவிடலாம்.

அதோடு விடவில்லை நீங்கள். பயத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 180, நிற்பது 40, அப்போது 750 விற்றாகவேண்டும் என்று காட்டினீர்கள். விலையில் பத்து சதவீதம் குறைத்தால் வேலை ஐம்பது சதவீதம் ஏறுகிறது! புதியவர்கள் பலர் முதலுக்கே மோசமாகும் விலையில் விற்பது இதைப் போட்டுப் பார்க்காததால்தான். தம் உழைப்புக்குச் சம்பளம் எழுதாமல் விடுவது அடுத்த ஓட்டை. இயந்திரத் தேய்மானம் இன்னொன்று: 60,000 விலையுள்ள இயந்திரம் ஐந்தாண்டு உழைக்கும் என்றால் மாதம் 1,000 செலவில் ஏறவேண்டும். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தால் இவை எதுவும் கண்ணில் படாது.

மொத்த வியாபாரிகளே, ரொட்டேஷன் பணத்தைப் பற்றி, அதாவது சரக்கிலும் பாக்கியிலும் சுழன்றுகொண்டிருக்கும் பணத்தைப் பற்றி, நீங்கள் எச்சரித்திராவிட்டால் எங்கள் ஆலோசனை அரைகுறையாகவே இருந்திருக்கும். சரக்கு 30 நாள் தேங்குகிறது, வாங்கியவர் 45 நாள் கழித்துப் பணம் தருகிறார், நீங்கள் 15 நாள்தான் பொறுப்பீர்கள். இடைவெளி 60 நாள். மேலே சொன்ன தொழிலில் மாதம் 500 பொருளுக்கு, ஒன்றுக்கு 140 வீதம், செலவு 70,000. ஆக 1,40,000 எப்போதும் வெளியே மாட்டிக்கொண்டிருக்கும். விற்பனை இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். நோட்டில் லாபம் இருந்தும் சம்பளம் போட முடியாமல் போவது இங்கேதான். பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்கிறோம். முன்பணம் கேள், பாக்கிக்கு நாள் குறி, விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே ஆளை நம்பாதே. முதல் கொள்முதலைச் சிறிய அளவில் கொடுக்க நீங்கள் சம்மதித்தது தனியாகச் சொல்லவேண்டிய உதவி. உங்களுக்கு அதில் லாபம் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும்.

கடன் அதிகாரிகளே, மறுத்த விண்ணப்பங்களுக்குக் காரணத்தைத் தெளிவாக எழுதித் தந்தீர்கள். சொந்த ஜாமீன் கையெழுத்து எந்தச் சொத்துவரை நீளும் என்பதைப் படித்துக் காட்டினீர்கள். கூட்டாளிகள் பிரியும்போது யாருக்கு எவ்வளவு என்பதைச் சேரும்போதே எழுதவேண்டும் என்றதும் நீங்கள்தான்.

மாதிரிப் பொருளை வாங்கிப் பார்த்த வாடிக்கையாளர்களுக்கும் நன்றி. "நன்றாக இருக்கிறது" என்பது விற்பனை ஆகாது; "வாங்குவீர்களா?" என்று கேட்டால் முகத்துக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். கடைசியாக எப்போது இப்படி ஒன்றை வாங்கினீர்கள், என்ன கொடுத்தீர்கள், எதில் குறை கண்டீர்கள் என்று நடந்ததைக் கேட்கவேண்டும் என்பது உங்கள் பதில்களில் கற்றது. பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுத்தீர்கள், பிடிக்காவிட்டால் கொடுக்கவில்லை. அதைவிட நேர்மையான சோதனை கிடையாது.

நிறைவாக, வீட்டிலிருந்து உடன் வந்து அமர்ந்த மனைவிமார், கணவன்மார், பெற்றோர். உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் எழுதிய ஒரு பயிற்சியை உங்களை வைத்தே நடத்துகிறோம். ஓராண்டு கழிந்துவிட்டது, தொழில் மூடியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் மூடியது என்று ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேசாமல் தனித்தனியே எழுதவேண்டும். பிறகு ஆளுக்கொரு காரணமாக வாசிக்கவேண்டும். தொழில் தொடங்குபவர் போட்டியையும் விலையையும் எழுதுகிறார். "ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் கடையை யார் திறப்பது?" என்று எழுதுவது நீங்கள். அந்தக் கேள்விக்காகவே மாற்று ஆள் ஒருவரைப் பழக்கும் செலவும் இப்போது திட்டத்தில் இடம்பெறுகிறது. "ஏன் தடுக்கிறீர்கள்" என்ற கோபப் பார்வையைப் பொறுத்துக்கொண்டு கேட்டீர்கள். அடுத்து வருகிறவர்களிடமும் தயங்காமல் கேளுங்கள்.

நன்றியுடன்,
புதுத் தொழில் வழிகாட்டும் குழுவினர்