குளவி கொட்டி மயங்கினால் முதலில் அட்ரினலின் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் கதண்டு என்கிற குளவி கொட்டிப் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை பேர் என்று போடுகிறீர்கள், என்ன ஊசி போட்டார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. உயிர் பிழைப்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

வெறும் அரிப்பும் தடிப்பும் என்றால் அரிப்பை அடக்கும் அவில் மருந்து போதும். கூடவே மூச்சுத்திணறல், குரல் அடைப்பு, தலைசுற்றல் வந்துவிட்டால் கதையே வேறு, அது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்து, உள்ளே இருக்கும் நீர் வெளியே கசிந்து, பிரஷர் மளமளவென்று இறங்கும். அப்போது அவிலையும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஆள் போய்விடுவார், அவை அந்த வேகத்துக்கு வேலை செய்யாது. நம் உடம்பிலேயே சுரக்கிற ஹார்மோனான அட்ரினலின்தான் குழாய்களைச் சுருக்கி பிரஷரை ஏற்றும், தொண்டை வீக்கத்தை வற்ற வைக்கும், மூச்சுக்குழாயையும் திறக்கும். பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம் மருந்துள்ள 1 மில்லி ஆம்பியூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) பாதி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தேறவில்லையா, மறுபடியும் போடலாம்.

இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் மருத்துவத் துறையிலேயே இருக்கிறார்கள். அந்தப் பயம் நரம்பில் போடுவதைப் பற்றியது. இதயம் நின்றவருக்கு நரம்பில் 1 மில்லிகிராம் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, இதையும் அதையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். தசையில் அரை மில்லிகிராம் போடுவது பாதுகாப்பானது.

பாம்புக்கடிக்கும் இது பொருந்தும், விஷமுறிவு மருந்தே சிலருக்கு இப்படி ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். இலங்கையில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள்: விஷமுறிவு மருந்துக்கு முன்பே சிறிய அளவு அட்ரினலின் கொடுத்ததில் முதல் ஒரு மணி நேரத்துக் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. நாம் வழக்கமாக நம்புகிற ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் அவில் போன்ற புரோமெத்தசினும் அதைத் தடுக்கவில்லை.

விலை ஒன்றும் அதிகமில்லாத மருந்து இது. ஆரம்ப சுகாதார நிலையமோ தனியார் கிளினிக்கோ, ஊசி போடுகிற எந்த இடமானாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், காலாவதி தேதியை அவ்வப்போது பார்க்க வேண்டும், டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் செவிலியரே போட எழுத்து மூலம் அனுமதியும் வேண்டும். சுகாதாரத் துறை இதைச் செய்யட்டும்.

கொட்டுப்பட்டவர் மயங்கினால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். தேறிய பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், அடங்கியது மறுபடி கிளம்பக்கூடும்.

ஓய்வு பெற்ற செவிலியர்,
பட்டுக்கோட்டை