அந்த நாசில் டூப்ளிகேட் இல்லை: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். கடலூர் முதுநகரில் கிரில் பட்டறை வைத்திருப்பவர்கள், சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் எடுத்துச் செய்பவர்கள், துறைமுகத்தில் படகு வேலை பார்க்கும் அண்ணன்மார்கள் எல்லோருக்கும்தான் இது.

இரண்டு வாரமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் கடையில் வாங்கிய பிளாஸ்மா நாசில், அதாவது கம்ப்ரசர் காற்றையும் கரண்டையும் வைத்து இரும்பை வெட்டும் டார்ச்சின் முனை, இரண்டே நாளில் போய்விட்டதாம், டூப்ளிகேட் மாலாம். இரண்டு நாளில் போனது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டூப்ளிகேட் என்று சொன்னதுதான் தூங்க விடவில்லை, அதனால் யாரும் கூப்பிடாமலே, அந்த மெசேஜ் போட்ட தம்பியின் பட்டறைக்குப் போனேன்.

கம்ப்ரசர் டேங்குக்கு அடியில் இருக்கும் ட்ரெயின் வால்வைத் திறந்தால், காற்றுக்கு முன்னால் டீ நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டுகிறது, அரை வாளிக்குக் குறையாது. ஃபில்டர் கிண்ணத்திலும் பாதிக்குத் தண்ணீர். டார்ச்சிலிருந்து காற்றை மட்டும் விட்டு வெள்ளைத்தாளைக் காட்டினேன், பொட்டுப் பொட்டாக ஈரம். அந்தத் தம்பி பேசவே இல்லை.

டார்ச்சுக்குள்ளே நாசிலுக்குப் பின்னால் இருக்கும் எலக்ட்ரோடு முனையில் பொட்டு மாதிரி பதித்திருக்கிறதே, அது ஹாஃப்னியம் என்ற உலோகம். இரும்பை உருக்கும் ஆர்க், அதாவது மின்சாரச் சுடர், அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் அது கொஞ்சம் கரையும், நல்ல காற்றிலேயே அப்படித்தான். காற்றில் தண்ணீரோ எண்ணெயோ கலந்தால் மளமளவென்று குழி விழும், ஆர்க் நடுவில் நிற்காது, நாசில் துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் வெட்டு சாய்கிறது, அடியில் கசடு ஒட்டுகிறது, பழி நாசில் மேல். கடலோர ஊர் நமது, ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றே ஈரம். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம், அந்த வால்வை ஒரு திருப்புத் திருப்ப மட்டும் யாருக்கும் கை வருவதில்லை!

தினமும் வேலை முடிந்ததும் தண்ணீரை விடுங்கள். தகட்டில் துளை போடும்போது டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்து ஆரம்பியுங்கள், நேராகப் பிடித்தால் உருகின இரும்பு திரும்பி நாசில் மேலேயே தெறிக்கும். ட்ரிகரை விட்ட பிறகும் சில வினாடி காற்று வரும், டார்ச் ஆறுவதற்குத்தான் அது, உடனே மெயினை அணைக்காதீர்கள். எலக்ட்ரோடு முனையில் குழியின் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் எலக்ட்ரோடை மாற்றிவிடுங்கள், இன்னும் ஒரு நாள் ஓட்டலாம் என்று பார்த்தால் டார்ச் தலைக்கே செலவு வரும்.

என் பக்கமும் தப்பு உண்டு. விற்கும்போதே கம்ப்ரசரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். டார்ச் வேலை பார்த்த நம் பையன் துபாய் போனதிலிருந்து கல்லாவும் சர்வீஸும் நான் ஒருத்தன்தான், அவசரத்தில் கவர் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதனால் நேரில் வந்து பார்க்கும் சர்வீஸ் இனி சனிக்கிழமை மட்டும், கட்டணமும் 200 ரூபாய் கூடுகிறது.

அந்த மெசேஜைக் கேட்டுவிட்டு, ஒன்றுமே கேட்காமல் மறுநாளே வந்து ஐந்து செட் வாங்கிப்போன துறைமுகத்து அண்ணனை மறக்க மாட்டேன். சந்தேகம் இருப்பவர்கள் தேய்ந்த எலக்ட்ரோடையும் நாசிலையும் தூக்கிப்போடாமல் கடைக்கு எடுத்து வாருங்கள். லென்ஸ் வைத்துச் சேர்ந்தே பார்ப்போம், அதற்குக் காசு கிடையாது.