கராஜுக்கும் மாபிள் விற்கும் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை பிரதான வீதியோரம் மாபிள் (டைல்) கடை வைத்திருக்கும் மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

வணக்கம். கடைக்குள் வந்தவுடன் "எத்தனை சதுர அடி?" என்று கேட்கிறீர்கள். எந்த இடத்துக்கு என்று கேட்பதில்லை. நாங்களே வாய்விட்டுக் "கராஜுக்கு" என்று சொன்ன பிறகும், எடுத்துக் காட்டியது கண்ணாடி போல மினுங்கும் மாபிளைத்தான். "எல்லாரும் இதத்தான் கொண்டு போறாங்க" என்றார்கள். நம்பி வாங்கினோம்.

போன மாரியில் என் அப்பா மழைக்குள் வந்து மோட்டார் சைக்கிளைக் கராஜுக்குள் ஏற்றினார். சில்லில் ஒட்டி வந்த மணலும் தண்ணீரும், கீழே சொட்டிக் கிடந்த கொஞ்ச எண்ணெயும் போதுமாக இருந்தன. ஸ்டாண்டைத் தட்டுவதற்குள் ஆளும் வண்டியும் சேர்ந்து விழுந்து, வண்டி அவர் காலுக்கு மேல் கிடந்தது. தூக்கப் போன அம்மாவுக்குக் கால் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி மதிலால் பாய்ந்து வந்து, சாக்கை விரித்து அதில் நின்றுதான் வண்டியை நிமிர்த்தினார். முறிந்த கால் பொருந்திவிட்டது. ஆனால் விடியமுதல் தனியாகக் கோயிலுக்குப் போய்வந்த மனுசன், இன்று கராஜைக் கடக்க யாரையாவது கூப்பிட்டுக் கைபிடிக்கிறார். அவ்வளவு காசு கொடுத்துப் பதித்த மாபிளின் மேல் சாக்கு விரித்துத்தான் நடக்கிறோம். மோட்டார் சைக்கிள் வெளியே நின்று உப்புக் காற்றில் கறல் பிடிக்கிறது.

கடைக்குப் போய்ச் சொன்னோம். "நனைஞ்சா எந்த மாபிளும் வழுக்கும்தானே அக்கா" என்று பதில் வந்தது.

அது உண்மையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை பாகையில் சறுக்குகிறார் என்று அளந்து மாபிளுக்குத் தரம் கொடுக்கிறார்கள். பாகை கூடக் கூட வழுக்கல் குறைவு. ஆர் 9 என்றால் 6 முதல் 10 பாகை. ஆர் 11 என்றால் 19 முதல் 27 பாகை. மழைத் தண்ணீர் வந்து சேரும் தரைக்கு ஆர் 11 தரத்தில் சொரசொரப்பான மாபிள்தான் பொருத்தம். இந்த விபரங்கள் உங்களிடம் உள்ள கம்பனிப் புத்தகத்தில் இருக்கின்றன. வாங்க வருபவரின் கண்ணுக்குத்தான் எட்டுவதில்லை.

ஆகவே கேட்கிறோம்: எந்த இடத்துக்கு என்று கேட்டு, வழுக்குத் தரத்தைத் தமிழில் எழுதி ஒட்டி விற்பனை செய்யுங்கள்.

எங்களுக்கு மாற்று வழியாகச் சொல்லப்பட்டது எப்பொக்சிப் பூச்சு, அதாவது கொங்கிரீட் தரைக்கு மேல் பூசி இறுக விடும் பிசின் பூச்சு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணலில் வீடு கட்டியிருக்கிறோம். மாரியில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று கிணற்றை எட்டிப் பார்த்தாலே தெரியும். கொங்கிரீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிக்காத பழைய தரையில் ஈரம் கீழிருந்து ஏறிப் பூச்சைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும். ஒரு பொலித்தீன் துண்டைத் தரையில் நாலு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் விட்டு உரித்துப் பார்த்தால் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாளி வாளியாகப் பூச்சு விற்கும்போது இந்தச் சின்னச் சோதனையை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

சாதாரண கொங்கிரீட்டையே நாலு அங்குலத்துக்குப் போட்டு, வாசல் பக்கம் வாட்டம் வைத்து, இறுக முன்னர் தும்புத்தடியால் கோடு இழுத்து, ஒரு கிழமையாவது தண்ணீர் கட்டி வைத்தால் கராஜுக்கு அது போதும். இன்டர்லொக் கல்லும் நல்லது. இவற்றில் உங்களுக்கு இலாபம் குறைவு என்பது விளங்குகிறது. அதற்காக வழுக்கும் பொருளைத் தலையில் கட்டுவது நியாயமா?

நுகர்வோரைப் பாதுகாக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் தமிழ் பேசும் ஊர்களில் விற்கும் மாபிள் பெட்டியில் ஆங்கிலத்தைத்தான் காண்கிறோம். மருந்து, உரம், பூச்சு என்று எதை வாங்கினாலும் எங்கள் வயதானவர்கள் இன்னொருவரிடம் வாசித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. இது உங்களால் மட்டும் வந்த குறை அல்ல. உங்கள் கடைக்குள் தீர்க்கக்கூடிய பங்கு ஒன்று உண்டு, அதைத்தான் கேட்கிறோம்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாரிக்கு முன்னர், கராஜுக்கும் வெளி முற்றத்துக்கும் உரிய மாபிளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். வழுக்குத் தரத்தைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எந்த இடத்துக்கு என்று கேட்காமல் யாருக்கும் விற்க வேண்டாம் என்று உங்கள் கடைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள்