செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தமிழ்ப்பள்ளிக்கு நூல் அன்பளிப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாம் இவ்வாண்டு புதிதாகத் தொடங்கிய பணியைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

உளவியல் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையில் வந்து, "பாடம் தெரிகிறது, எதிரில் இருப்பவரிடம் பேச வரவில்லை" என்றார்கள். அவர்களுக்காக நமது மண்டபத்தில் ஒத்திகையில்லா நடிப்புப் பயிற்சி, அதாவது எழுதிவைத்த வசனமின்றி அந்த நொடியில் தோன்றுவதைப் பேசி நடிக்கும் பயிற்சி, நடத்தினோம். சிகாகோவில் வயோலா ஸ்போலின் 1930களின் இறுதியில் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக உருவாக்கிய நாடக விளையாட்டுகளே இதற்கு அடிப்படை. இவ்விளையாட்டுகளை விளக்கும் அவரது நூல் 1963இல் வெளிவந்தது. நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. தெருக்கூத்துக் கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றுவதை அறிந்தவர்கள் அவர்கள்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, தூக்கமில்லாத தாயாக நடித்தார். "மகன் ஷா ஆலாமில் இருக்கிறான், வேலை அதிகமாம்" என்றார். ஆலோசகராக நடித்த மாணவர் உடனே, "எத்தனை வாரமாகத் தூக்கமில்லை?" என்று கேட்டார். பாட்டி துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை தம்பி" என்று முடித்துவிட்டார். மறுமுறை ஒரு விதி வைத்தோம்: எதிராளி கடைசியாகச் சொன்னதைப் பிடித்தே பேச வேண்டும். "வேலை அதிகமாமா பாட்டி? போன் பேசக்கூட நேரமில்லையா?" என்றார் மாணவர். பாட்டி பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. கேள்விப் பட்டியலை மனத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு எதிரில் இருப்பவரின் குரல் கேட்காது என்பதை அன்று எல்லோரும் கண்டோம்.

எதிராளி சொல்வதை மறுக்காமல் ஏற்று மேலே கொண்டுசெல்வது இந்த நடிப்பின் முதல் பாடம். ஆலோசனையில் ஏற்பது வேறு, ஆமோதிப்பது வேறு. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பவரிடம் "ஆமாம்" என்று சொல்லக் கூடாது. அவர் வலியை மறுக்கவும் கூடாது. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் மிகவும் தடுமாறினார்கள். இதற்கு இன்னும் நிறையப் பயிற்சி தேவை.

இது சிகிச்சை அன்று. நம் நாட்டின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரே ஆலோசகராகப் பணியாற்றலாம். ஆகவே சொந்தத் துயரங்களைத் தவிர்த்து, கற்பனைப் பாத்திரங்களையே கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மண்டபத்தை இப்பயிற்சிக்கு ஒதுக்கவும், தோட்டங்களிலிருந்து பெரியவர்களை அழைத்துவரும் வேன் செலவை மன்றமே ஏற்கவும் இப்பொதுக்கூட்டம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன்.

செயலாளர்